சும்மா நின்ன ஷாட்

வாங்க மதினி, இங்கன ஒக்காருங்க. பைய மேல வைக்காதிய, பிரேக் போட்டான்னா தலைல விழும், காலுக்குக் கீழ வைங்க. எங்க போணும்? கயத்தாரா? நல்லதாப் போச்சு, நான் கோவில்பட்டி. கயத்தார் வந்தா நானே சொல்லுதேன், நீங்க நிம்மதியா இருங்க. என் தொழிலே அதான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல மைக்ல ஒரு பொம்பளக் கொரல் கேட்டிருப்பியளே, "பயணிகளின் அன்பான கவனத்திற்கு"ன்னு? அது நான்தான். எம் பேரு முப்பிடாதி. மேல பாட்டு இந்தக் கத்து கத்துது, அதான் சத்தமாப் பேசுதேன். சாதாரணமா மெதுவாத்தான் பேசுவேன்.

அங்கன டிரைவருக்குப் பின்னால ஊதாச் சட்டை போட்டு ஒருத்தர் ஒக்காந்திருக்காவல்லா, அதான் எங்க வீட்ல அவுக. எனக்குப் பக்கத்துல சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு. முன்னால காத்து நல்லா வரும்னு போயிட்டாவ. எந்த பஸ்ல ஏறினாலும் அப்படித்தான். காத்துன்னா அவுகளுக்கு உசுரு.

எதுக்கு இவ பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு மத்தியான வெயில்ல வாரான்னு பாக்கியளா? பாக்கலியா? சரி, பாக்காட்டியும் சொல்லுதேன். இன்னைக்கு என் மக காலேஜ்ல நான் நடிச்ச படத்தப் போட்டாவ. நான்தான் கதாநாயகி. ஆனா படத்துல எனக்கு ஒரு வார்த்த கெடையாது. பேசாம இல்ல, பேசினேன், மூச்சு விடாமப் பேசினேன். அத்தனையயும் என் மக வெட்டி எறிஞ்சிட்டா. பெத்த தாயோட கொரல! ஊரே நின்னு கேக்குத கொரல! இத யார்ட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். நீங்களே நியாயம் சொல்லுங்க மதினி. ரெண்டு பக்கமும் கேட்டுத்தான் நியாயம் சொல்லணும், அவ பக்கத்தயும் நானே சொல்லுதேன்.

மக பேரு செண்பகா. பாளையங்கோட்டைல விஸ்காம் படிக்கா, கடைசி வருசம். ஹாஸ்டல்ல இருக்கா. எத்தனையோ பிள்ளைய கோவில்பட்டிலேர்ந்து தெனம் பஸ்ல போயிட்டு வருது. இவ மாட்டேன்னுட்டா. "வீட்ல இருந்தா படிக்க முடியாதும்மா, கொஞ்சம் அமைதி வேணும்"ன்னா. எங்க வீட்ல இல்லாத அமைதியா? அவுக வாயத் தொறக்கவே மாட்டாவ. அவளும் பேச மாட்டா. டிவியக்கூட நான் போட விடுறதில்ல. வீட்டுல சத்தம்னு என்ன இருக்கு, நான் ஒருத்திதான.

போன லீவுல வந்தா. பரிச்சைக்கு பதிலா ஒரு சின்னப் படம் எடுத்துக் குடுக்கணுமாம். ஒரு பெரிய பேப்பர்ல கட்டம் கட்டமாப் போட்டு, கட்டத்துக்கு ஒரு பொம்பளையக் குச்சி குச்சியா வரைஞ்சி வச்சிருந்தா. மொதக் கட்டத்துல மைக் முன்னால இருக்கா. அடுத்ததுல வீட்டுக்கு வாரா. பொறவு சோறு வடிக்கா. கடைசிக் கட்டத்துல சும்மா நிக்கா, கைல செல்லு இருக்கு.

"கதை என்னட்டி?"ன்னேன்.

"நாள் பூரா ஊருக்கே வழி சொல்லுற ஒரு அம்மா, வெளியூர்ல இருக்க மக போனுக்காகக் காத்திருக்கா. அவ்வளவுதாம்மா. நீதான் நடிக்கணும்."

எனக்குச் சந்தோசந்தான், பொய் சொல்ல மாட்டேன். என்னய நெனச்சு ஒரு கதை கட்டியிருக்கா பாத்தியளா? ஆனா வசனம் எங்கன்னு கேட்டா, வேண்டாங்குதா. "ஊருக்கே வழி சொல்லுதவ வீட்டுக்கு வந்து வாயப் பொத்திக்கிட்டு நிப்பாளாட்டி? ஒலகத்துல நடக்கத எடு. அவளாக் கூப்பிட்டு மககிட்ட நாலு கேள்வி கேப்பா, அதான தாயி"ன்னேன். அவ அதுக்கு ஒண்ணும் பதில் சொல்லல. பேப்பரச் சுருட்டி வச்சிட்டா. பதில் இல்லன்னா நாம சொன்னது சரின்னுதான அர்த்தம்?

நானே ஒக்காந்து வசனம் எழுதினேன். கேக்கியளா? "என் அருமை மகளே செண்பகா! ஊருக்கெல்லாம் வழி சொல்லும் உன் தாய்க்கு, உன் வழி எதுவென்று சொல்ல மாட்டாயா? உன் மனக்கதவைத் திற மகளே! உன் துயரம் எதுவானாலும் என் காதில் போடு!" இப்படியே போகும். மொத்தம் மூணு பக்கம். மக மனசு விட்டுப் பேசணும்னு ஒரு தாயி கேக்கா. கல்லும் கரையும்.

படம் புடிக்க அவ கூட ரெண்டு பேர் வந்தாவ. ஷம்சியான்னு ஒரு பிள்ள, கேமரா அவ கைல. பிரிட்டோன்னு ஒரு பையன், சத்தம் புடிக்குதவன். ஒரு கம்பு நுனில அணில் வால் மாதிரி ஒண்ண மாட்டிக்கிட்டு என் தலைக்கு மேல நீட்டுதான். மைக்காம். இத்தன வருசமா மைக்கோட குடும்பம் நடத்துதேன், எனக்கே மைக்கக் காட்டுதான். மைக்குன்னா நாம பேசினா அது திருப்பிப் பேசணும். இது முழுங்கிட்டு கம்முன்னு இருக்கு. பேசினது எங்க போச்சுன்னே தெரியல. அப்பவே எனக்கு ஒரு சந்தேகம்.

வசனத்த நான் ஒரே மூச்சுல சொன்னேன். ஒரு எடத்துலயும் தட்டல. சொல்லி முடிச்சி நிமுந்து பாத்தா ஒருத்தரும் கை தட்டல. ஷம்சியா செண்பகாவப் பாக்கா, செண்பகா தரையப் பாக்கா. பிரமிச்சிப் போயிட்டாவ. "நல்லாருந்துச்சா?"ன்னேன். "கடைசில கொஞ்சம் கொறச்சுக்கலாமாம்மா?"ன்னா செண்பகா. "எதக் கொறைக்கது? அதுலதான் அழுகையே இருக்கு"ன்னேன். சரின்னுட்டா. அவ எப்பவுமே அப்படித்தான், நான் சொன்னா கேட்டுக்கிடுவா. தங்கமான பிள்ள. அவதான் இப்படிச் செஞ்சிருக்கா, அதான் தாங்க முடியல.

எல்லாம் முடிஞ்சி சாப்பிடப் போற நேரத்துல அந்தப் பிரிட்டோ, "ஆன்ட்டி, ரூம் டோன் எடுக்கணும்"ன்னான்.

"அது என்னல?"

"யாரும் பேசாம அசையாம ஒரு நிமிஷம் நிக்கணும். இந்த ரூமோட சத்தத்த மட்டும் எடுக்கணும்."

"யாரும் பேசலன்னா ரூமுக்கு ஏதுல சத்தம்?"

இருக்காம் மதினி. ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு சத்தம் இருக்காம். பேச்ச வெட்டுத எடத்துல ஓட்டை விழுமாம், அந்த ஓட்டைய அடைக்கதுக்கு இந்தச் சத்தத்த வச்சி ஒட்டுப் போடுவாவளாம். பேச்ச வெட்டப் போறாவன்னு அன்னைக்கே வாயால சொல்லியிருக்கான், எனக்குத்தான் ஒறைக்கல.

காத்தாடிய நிப்பாட்டியாச்சு. பிரிஜ் பிளக்கப் புடுங்கியாச்சு. அவுகள ஒரு மூலைல நிக்க வச்சாவ, அவுகளுக்கு அது கஷ்டமே இல்ல. எல்லாரும் நின்ன எடத்துலயே நின்னோம். மொதத் தடவ, "முடிஞ்சிட்டால?"ன்னு நான் ஒரு வார்த்த கேட்டேன், போச்சு, மறுபடி மொதல்லேர்ந்துன்னுட்டான். ரெண்டாந்தடவ ஜன்னல்ல காக்கா வந்து கத்துச்சு, நான் வெரட்டினேன், காக்கா கத்தினா பரவால்ல ஆன்ட்டி, நீங்கதான் பேசக் கூடாதுங்கான். மூணாந்தடவ செண்பகா என்னயப் பாத்து, "ம்மா, ஒரே ஒரு தடவ"ன்னா. அந்தக் கொரல் ஒரு மாதிரி இருந்துச்சு. சரி, நிப்போம்னு நின்னேன்.

வேர்த்து ஊத்துது. வாய மூடிட்டு நின்னா கண்ணு என்ன செய்யும்? எங்கயாவது பாக்கணும்லா. எதுக்க என் மக நிக்கா, அவளப் பாத்தேன். எளைச்சிருக்கா. வந்து நாலு நாளாச்சு, அதுவரைக்கும் எனக்குத் தெரியல. நான் எங்க நின்னு பாத்தேன், அவளுக்கு மீனு வாங்கவும் வசனம் எழுதவும் நேரம் சரியாப் போச்சு. வேர்க்குதுன்னு எடது கை சட்டைய மேல ஏத்தி விட்டிருந்தா. முழங்கைக்குக் கீழ உள்ளங்கை நீளத்துக்கு ஒரு தழும்பு. சூடு பட்ட தழும்பு. தோலு உரிஞ்சி, ஆறி, கருஞ்செவப்பா இருக்கு. புதுசு.

என்னட்டி அதுன்னு தொண்டை வரைக்கும் வந்துட்டு. இந்தப் பய கம்ப நீட்டிக்கிட்டு கண்ண மூடி நிக்கான். பேசினா மறுபடி மொதல்லேர்ந்து. வாய மூடிக்கிட்டு அந்தக் கையவே பாக்கேன். அவ என்னயப் பாத்தா. நான் பாக்கத அவ பாத்துட்டா. சட்டைய மெதுவாக் கீழ எறக்கி விட்டா.

"ஓக்கே"ன்னான் பிரிட்டோ. ஒடனே எல்லாருமா பேச ஆரம்பிச்சிட்டோம். பிரிஜ் பிளக்கப் போடணும், உள்ள மீன் கெட்டுப் போயிருமேன்னு நான் ஓடினேன். பொறவு எல போட்டேன். அந்தப் பிள்ளையளுக்கு, பஸ் ஸ்டாண்டுல தொலைஞ்ச ஒரு கெழவர மைக்லயே பேசிக் கண்டுபுடிச்ச கதையச் சொன்னேன். அதுல பேச்சு எங்கயோ போயிட்டு.

அந்த ஒரு நிமிஷமும் ஷம்சியா கேமராவ அமத்தாமயே விட்டிருக்கா மதினி. மறந்துட்டாளாம். என் மூஞ்சி அதுல கெடந்திருக்கு.

பொறவு எடிட்டிங். லேப்டாப்ப மடில வச்சிக்கிட்டு, காதுல மாட்டிக்கிட்டு, வீட்டுலயே ஒக்காந்து வெட்டினா. நான் காப்பி கொண்டு போறேன், திரைல என் மூஞ்சி தெரியுது, வாய் அசையுது, சத்தம் இல்ல. "கூட்டி வைட்டி"ன்னேன். காதுல இருந்தத எடுத்துட்டு, "கூட்டித்தாம்மா இருக்கு"ன்னா. மைக் முன்னால நான் இருக்கேன், வாய் அசையுது, ஆனா பஸ்ஸு எரைச்சலும் ஜன எரைச்சலும் மட்டுந்தான் கேக்குது. மூணு பக்க வசனம் அடியோட இல்ல. அதுக்குப் பதிலா என்ன தெரியுமா? நான் சும்மா நின்ன ஷாட்டு. வேர்த்து வடிஞ்சி, நடிக்காம, தலைகூடச் சரியா வாராம நின்னேன்லா, அத கடைசில முழுசா வச்சிருக்கா. நான் நடிச்சத எல்லாம் எறிஞ்சிட்டு, நடிக்காதத எடுத்து வச்சிருக்கா. இது எந்த ஊரு நியாயம்?

சண்டை போட்டேன். "என் கொரலுக்கு என்னட்டி கொற?"

"ஒண்ணும் கொற இல்லம்மா. நீ பேசுற எடத்துல எல்லாம் கதை நின்னு போகுது."

"கதையே நான்தானட்டி!"

"ஆமாம்மா"ன்னா. கண்ணு கலங்கிட்டு அவளுக்கு. நான் இனிமே ஒங்கிட்ட பேச மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பேச மாட்டேன்ங்கத அவளுக்கு நல்லாப் புரியுத மாதிரி அன்னைக்கு முழுக்கச் சொன்னேன். சாயந்தரம் அவளே வந்து, "காலேஜ்ல போடும்போது வந்து ஒரு தடவ ஜனத்தோட ஒக்காந்து பாரு. அப்பவும் ஒன் கொரல் வேணும்னா, மறுபேச்சு பேசாம எல்லாத்தயும் போட்டுத் தாரேன். குறும்படப் போட்டி ஒண்ணுக்கு இத அனுப்பணும், அதுக்கு இன்னும் நாள் இருக்கு"ன்னா. சரி, வாரேன், வந்து வேணும்னு சொல்லுதேன், பாருன்னேன்.

அதான் இன்னைக்கு. ஹால் நெறைய பிள்ளைய. என் படம் ஓடுது. மொதல்ல கொஞ்சம் சிரிச்சாவ. பொறவு சிரிப்பு நின்னுட்டு. கடைசில நான் சும்மா நிக்கது வந்துச்சு. மதினி, ஒரு இருமல் சத்தம்கூட இல்ல. கரண்டுதான் போயிட்டோன்னு பாத்தேன். எனக்குப் பின்னால ஒரு பிள்ள மூக்க உறிஞ்சுது. பொறவு கை தட்டினாவ பாருங்க, அப்படித் தட்டினாவ. வேஸ்ட் ஷாட்டுக்கு இந்தத் தட்டு தட்டினா, வசனம் இருந்திருந்தா கூரை பேந்திருக்கும்.

அவ சார் ஒருத்தர் என்னய மேடைக்குக் கூப்பிட்டு, "ரெண்டு வார்த்த பேசுங்கம்மா"ன்னு மைக்கக் கைல குடுத்தார். எங் கைல மைக்கக் குடுத்தா சும்மா விடுவேனா? "ஹலோ ஹலோ"ன்னு ஒரு தட்டு தட்டிட்டு, "மாணவச் செல்வங்களே, இந்தப் படத்தில் என் குரலை வெட்டிவிட்டார்கள், இப்போது கேளுங்கள்"ன்னு மூணு பக்கத்தயும் மனப்பாடமாச் சொன்னேன்! பயலுவ விசிலடிச்சானுவ மதினி! வெட்டினா போயிருமா? தொண்டை எங்கிட்டதான இருக்கு?

முடிச்சதும் ஒரு பிள்ள எந்திரிச்சி, "அம்மா, அந்தக் கடைசி ஷாட்ல என்ன நெனச்சு நடிச்சீங்க?"ன்னு கேட்டா. "அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன், பொங்கிருமேன்னு நெனச்சேன்"ன்னேன். ஹாலே சிரிச்சுது. செண்பகா மட்டும் சிரிக்கல. செவத்தோரமா நின்னா. இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டிருந்தா.

வெளிய வந்து அவுககிட்ட சொன்னேன். ஏங்க, பிள்ள கைல ஒரு தழும்பு கெடக்கு, பாத்தியளான்னேன். "ம், தெரியும்"ங்காவ. எப்படித் தெரியும்னு கேட்டா, "போன்ல சொன்னா"ங்காவ. எங்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டா, "அவகிட்டயே கேளு"ன்னுட்டு பஸ்ஸு ஏற நடந்துட்டாவ. இது எப்படி இருக்கு? வாயே தொறக்காத மனுசன்ட்ட போன் போட்டுச் சொல்லுவாளாம். தெனம் அவகிட்ட மணிக்கணக்காப் பேசுதவ நான். எங்கிட்ட சொல்ல மாட்டாளாம். எனக்கு எப்படி இருக்கும் மதினி? வயித்தெரிச்சலா இருக்கு. சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேன்லா?

என்ன, ஏன் எந்திரிக்கிய? கயத்தார் இன்னும்... போயிட்டா? எப்ப? ஐயையோ! கண்டக்டர் எறங்கச் சொன்னாரா? எனக்குக் கேக்கலியே! நீங்களாவது சொல்லப்பிடாதா மதினி?

சொன்னியளா? ரெண்டு தடவயா? எப்ப சொன்னிய? நான் எங்க இருந்தேன்? பக்கத்துலதான இருக்கேன்.

சரி, ஒக்காருங்க. கோவில்பட்டி வந்து எறங்குங்க, திரும்பிப் போற வண்டில நானே ஏத்தி விடுதேன், மைக்ல சொல்லி நிப்பாட்டி ஏத்தி விடுதேன். கோவப்படாதிய.

ரெண்டு தடவ சொன்னிய. எனக்குக் கேக்கல.

மதினி... அப்போ அவளும் சொல்லியிருப்பாளோ? எங்கிட்டயும் சொல்லித்தான் பாத்திருப்பாளோ? சேச்சே, அப்படி இருக்காது. பெத்த தாய்க்குக் கேக்காமப் போயிருமா? இருங்க, இப்பவே கேட்ருதேன். இதுக்கு எதுக்குச் சந்தேகம். இந்தா, அடிக்குது.

ஏட்டி, நான்தான். பஸ்லதான் வாரேன். கொரலா? அது கெடக்கட்டும், போட்டிக்கு அப்படியே அனுப்பு. கோவமெல்லாம் இல்லட்டி. அதுக்குக் கூப்பிடல. ஒன் கை. எடது கை. அது என்னது?

இல்லட்டி, அப்பா சொல்லல. நான் பாத்தேன். அன்னைக்கே பாத்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் தனியாவா போன? ஏன் எனக்கு ஒரு போன்... சரி. சரி. நான் குறுக்க பேசல. நீ சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு.

ம்.

அண்ணே! கண்டக்டரண்ணே! அந்தப் பாட்டக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க. விசிலும் ஊதாதிய. ஏங்க, நீங்க என்ன அங்கேர்ந்து திரும்பித் திரும்பிப் பாக்கிய, முன்னால பாருங்க. மதினி, நீங்களும் ஒரு நிமிஷம் அசையாம இருங்க.

யாரும் பேசாதிய. என் மக பேசுதா.